இலையின் பெயர் பெற்ற மலர்

மாசித் திங்களின் நடுப்பகுதியில் தில்லியிலிருந்து ஜான்சி, போபால் வழியாகத் தெற்கு நோக்கி வரும் இரயில் வண்டியில் சன்னலோரம் அமர்ந்தவர்கள் ஒரு காட்சியைக் கண்டிருப்பார்கள். வயல்கள் முடிந்து கரட்டு நிலம் தொடங்கும் இடங்களில், இலை ஒன்றேனும் இல்லாத கோணல் மரங்கள் கிளைதோறும் செம்மஞ்சள் நிறத்தில் பூத்து நிற்கும். ஹௌராவிலிருந்து புரூலியா, ராஞ்சிப் பக்கம் சென்றவர்களும் அதனையே கண்டிருப்பர். உடன் வரும் வடநாட்டு நண்பர் அதனைக் காட்டிப் 'பலாஷ்' என்பார், 'டேசு' என்பார், ஊரைப் பொறுத்து 'டாக்' என்பார். அப்பொழுது நம் வீட்டுக் குழந்தை, "தமிழில் இதற்கு என்ன பெயர்?" என்று கேட்குமாயின், "இது இந்தப் பக்கத்து மரம், நம் ஊரில் இல்லை, தமிழில் பெயரும் இல்லை" என்று விடை கூறிவிடுவோர் நம்மிடையே பலர்.

அந்த விடை உண்மைக்கு மாறானது. அம்மரம் தமிழ்நாட்டின் வறண்ட மலையடிவாரங்களில் உண்டு. தமிழில் அதற்கு ஒன்றல்ல, பல பெயர்கள் உண்டு. அவற்றுள் ஒன்று சென்னை மாநகரப் பேருந்துகளின் நெற்றிப் பலகையில் நாள்தோறும் எழுதப்பட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. பிற மாநிலங்களில் வாழும் நம் பிள்ளைகளுக்கு இந்தப் பூவின் பெயரைச் சொல்லிக் கொடுக்க வேண்டுமானால், அப்பெயர்கள் பிறந்த கதையை நாம் முதலில் அறிந்துகொள்வது நலம். பெயர் ஒன்றைக் காரணத்தோடு கேட்ட குழந்தை எளிதில் மறப்பதில்லை.

பருவத்தைப் பற்றி முதலில் ஒரு சொல். வங்காளத்தார் பால்குனம், சைத்திரம் ஆகிய இரு திங்களையும் வசந்தம் என்பர். அவர்களுடைய பால்குனம் பிறப்பதும் நம்முடைய மாசி பிறப்பதும் ஏறத்தாழ ஒரே நாளில்தான். நாமோ மாசியையும் பங்குனியையும் பின்பனி என்று கணக்கிட்டு, சித்திரையில்தான் இளவேனிலைத் தொடங்குகிறோம். ஆகவே ஒரே ஞாயிறு, ஒரே மரம், ஒரே பூ. கொல்கத்தாவில் அது வசந்த மலர், நம் கணக்கில் அது பின்பனியிலேயே பூத்துவிட்ட மலர். வெயில் ஏறத் தொடங்கியதும் மரம் தன் போக்கில் பூத்துவிடுகிறது. பருவத்துக்குப் பெயர் வைப்பது மனிதர்கள் பாடு.

இனிப் பெயருக்கு வருவோம். வடமொழியில் 'பலாச' என்ற சொல்லுக்கு இலை என்பது பொருள். அதற்கும் முன்னே வேதங்களில் இம்மரத்திற்கு வழங்கிய பெயர் 'பர்ண' என்பது; அதற்கும் இலை என்றே பொருள். இறகு என்ற பொருளும் அதற்கு உண்டு. தைத்திரீய சங்கிதையில் ஒரு கதை காணப்படுகிறது. மூன்றாம் வானத்தில் இருந்த சோமத்தைக் காயத்திரி கொண்டுவந்தபோது அதன் பர்ணம் ஒன்று அறுந்து வீழ்ந்ததாம். அது மண்ணில் பர்ண மரமாயிற்றாம். வேள்வியில் நெய் சொரியும் 'ஜுகூ' என்னும் அகப்பையை இம்மரத்தால் செய்ய வேண்டும் என்ற விதியும் அங்கே கூறப்படுகிறது.

விந்தை யாதெனில், ஊரெல்லாம் வியந்து நோக்கும் இம்மரம் பூக்கும் வேளையில் அதில் இலையே இருப்பதில்லை. இலை முற்றும் உதிர்ந்த பின்னரே பூ வருகிறது. அத்தகைய மரத்திற்குப் பூவை விட்டுவிட்டு இலையின் பெயரை ஏன் வைத்தார்கள்? விடை எளிது. பெயர் வைத்தவர்கள் அம்மரத்தை இரயில் சன்னலிலிருந்து பார்த்தவர்கள் அல்லர், அதனோடு வாழ்ந்தவர்கள். பூ சில வாரங்களே நிற்கும். இலையோ ஆண்டின் பெரும்பகுதியும் பயன்படும். அகன்று தடித்த அவ்விலைகளை ஈர்க்கினால் தைத்து உண்கலமாக்கினார்கள். வட இந்தியாவில் அதனைப் 'பத்தல்' என்பர். குழிவாகச் செய்த சிறு கலத்தைத் 'தோனா' என்பர். நம் கோயில்களில் சருக்கரைப் பொங்கல் வாங்கும் தொன்னையை இங்கே நினைத்துக்கொள்ளலாம். சொல்லும் பொருளும் எவ்வளவு அருகில் நிற்கின்றன! எருமைக்குத் தீவனம் இம்மரத்தின் இலை. கயிற்றுக்கு நார் அதன் வேர். அதன் இளங்கொம்புகளில் அரக்குப் பூச்சியை வளர்த்து அரக்கு எடுக்கும் தொழில் இன்றும் சார்க்கண்டு மாநிலத்தில் பல ஊர்களுக்குச் சோறிடுகிறது. அம்மாநிலத்தின் அரசு மலரும் பலாசமே.

இலை மூன்று மூன்றாக அமைவது இம்மரத்தின் இயல்பு. வில்வத்தைப் போல ஒரு காம்பில் மூன்று சிற்றிலைகள். இதிலிருந்து பழமொழிகள் பிறந்திருக்கின்றன. இந்தியில் 'டாக் கே தீன் பாத்' என்பர். எத்தனை முயன்றும் நிலைமை மாறாதிருப்பதற்கு அப்படிச் சொல்வது வழக்கம். மராட்டியர் சொல்லும் பழமொழி இதனினும் சுவையுடையது. எங்கே சென்றாலும் பளசத்திற்கு இலை மூன்றுதான் என்பது அதன் கருத்து. பிழைப்பை நாடி மும்பைக்கும் புனேக்கும் வந்து சேர்ந்த நம்மவர்கள் இப்பழமொழியைக் கேட்டுச் சிரித்தும் இருப்பார்கள், பெருமூச்சு விட்டும் இருப்பார்கள்.

மரத்தோடு வாழ்ந்தவர்கள் இலையைப் பெயராக்கினார்கள் என்றால், நின்று பார்த்தவர்கள் பூவுக்குத் தனியே ஒரு பெயர் தந்தார்கள். அதுவே 'கிம்சுகம்', தமிழில் கிஞ்சுகம். வடமொழியில் 'கிம்' என்றால் என்ன, 'சுக' என்றால் கிளி. மரத்தில் அமர்ந்திருப்பது என்ன, கிளியோ என்று ஐயுறும்படி பூவிதழ் வளைந்து சிவந்து கிளிமூக்கைப் போல இருப்பதால் இப்பெயர் வந்தது என்பர். பூவை அருகில் வைத்துப் பார்த்தவர்கள் இவ்விளக்கத்தை மறுக்க மனம் துணியமாட்டார்கள். கரும்பட்டுப் போன்ற புறவிதழுக்குள்ளிருந்து செம்மஞ்சள் அலகு ஒன்று வளைந்து நீண்டிருக்கும்.

ஆயினும் அழகிய விளக்கங்களைச் சற்று ஐயத்தோடு நோக்குவதே முறை. கிம்சுகம் என்ற சொல் ரிக்வேதத்திலேயே வருகிறது. சூரியா என்னும் மணமகள் ஏறிச் செல்லும் தேரைப் பற்றிய பேச்சில் அது அமைந்திருக்கிறது. அங்கே கிளிக்கு வேலையில்லை. பழஞ்சொற்களுக்குப் பொருள் வகுத்த யாஸ்கர் தம் நிருக்தத்தில் அச்சொல்லை ஒளிவிடுதல் என்ற பொருளோடு பொருத்துகிறார். கிளியை அவர் அழைக்கவில்லை. சொல் முன்னே இருக்க, அதன் ஓசையில் பின்வந்தோர் கிளியைக் கண்டுபிடித்தனர் என்றே நமக்குத் தோன்றுகிறது. கண்டுபிடித்தவர்கள் நல்ல கண்ணுடையவர்கள் என்பதில் ஐயமில்லை. குசராத்தில் இவ்வேறுபாடு இன்றும் தெளிவாக வாழ்கிறது. அங்கே மரத்தின் பெயர் 'காக்கரோ'. பூவின் பெயர் 'கேசூடோ'. கிம்சுகமே தேய்ந்து கேசூடோ ஆயிற்று. ஹோலிப் பண்டிகைக்கு அப்பூவை நீரில் ஊறவைத்தும் கொதிக்கவைத்தும் மஞ்சட்சாயம் எடுப்பர். ஆமதாபாதிலும் சூரத்திலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் அச்சாயத்தைத் தங்கள் வேட்டிகளில் பெற்றிருக்கக்கூடும்.

கிளியால் பூவுக்குப் பெயர் வந்ததோ இல்லையோ, தமிழில் இவ்வுவமை தலைகீழாகத் திரும்பி வந்தது. மணிவாசகப் பெருமான் திருத்தசாங்கத்தில் கிளியை அழைத்து வினவும்போது, அதன் வாயைக் கிஞ்சுகம் என்கிறார். அங்கே பூவைப் பார்த்துக் கிளியோ என்றார்கள். இங்கே கிளியைப் பார்த்து அப்பூ என்கிறார். கடன் வட்டியோடு திரும்பிவிட்டது.

இம்மலருக்கு மணமில்லை. இதனை ஒரு குறையாகப் பிடித்துக்கொண்டு, அழகும் குடிப்பிறப்பும் இருந்தும் கல்வி இல்லாதவனுக்குக் கிம்சுகத்தை உவமை கூறுவது வடமொழி நீதி நூலார் வழக்கம். அவ்வளவு கடுமை வேண்டியதில்லை என்பது நம் கருத்து. இம்மலர் தேனைக் கொடுத்து அழைப்பது பறவைகளை. மைனாவும் தேன்சிட்டும் நிறத்தைக் கண்டு வருகின்றன; அவற்றுக்கு மணம் வேண்டுவதில்லை.

பௌத்த சாதகக் கதைகளுள் கிம்சுகத்தைப் பற்றியே ஒன்று உண்டு. காசி மன்னனின் நான்கு புதல்வர்கள் கிம்சுக மரத்தைப் பார்க்க விரும்பினர். தேரோட்டி அவர்களை ஒரே வேளையில் அழைத்துச் செல்லவில்லை. ஒருவனை அரும்பு கட்டும் காலத்திலும், ஒருவனைத் தழைத்த காலத்திலும், ஒருவனைப் பூத்த காலத்திலும், ஒருவனைக் காய்த்த காலத்திலுமாக அழைத்துச் சென்றான். பின்னர் நால்வரும் கூடியிருந்தபோது, அம்மரம் எப்படியிருக்கும் என்ற பேச்சு எழுந்தது. எரிந்த கட்டை போலிருக்கும் என்றான் ஒருவன். கருநிற மொட்டுகளை மட்டும் கண்டவன் வேறு என்ன சொல்வான்? ஆலமரம் போலிருக்கும் என்றான் மற்றொருவன். இறைச்சித் துண்டு போலிருக்கும் என்றான் பூத்தபோது கண்டவன். வாகை போலிருக்கும் என்றான் காய்த்தபோது கண்டவன். வழக்கு அரசனிடம் சென்றது. மரத்தைப் பார்த்தீர்களே, எந்தக் காலத்தில் எப்படி இருக்கும் என்று தேரோட்டியைக் கேட்டீர்களா என்றான் அரசன். இம்மரத்தின் பெயர்களைத் தொகுத்துப் பார்க்கும்போது அந்த நான்கு இளவரசர்களும் ஆளுக்கொரு பெயர் வைத்துச் சென்றார்களோ என்று நமக்குத் தோன்றுகிறது.

இப்பெயர் ஊர்ப் பெயராகி உலகப் போர் வரலாற்றிலும் ஏறியது. வங்காளத்தில் நதியா மாவட்டத்தில், பாகீரதியாற்றின் கரையில் 'பலாசி' என்றோர் ஊர் இருக்கிறது. பலாச மரத்தால் பெற்ற பெயர். ஆங்கிலேயர் எழுத்தில் அது 'பிளாசி' ஆயிற்று. 1757-ஆம் ஆண்டு சூன் 23-ஆம் நாள் அங்கேதான் சிராசுத் தௌலா கிளைவின் படையிடம் தோற்றார். ஆங்கிலப் படை தங்கியிருந்தது ஒரு மாந்தோப்பில். பலாசம் பூத்து உதிர்ந்து திங்கள் இரண்டு கடந்துவிட்ட காலம். எனினும் வெற்றிக்குப் பெயர் தந்தது பலாசமே. 1762-இல் கிளைவுக்குப் பிரபுப் பட்டம் வழங்கப்பட்டபோது, 'பிளாசியின் கிளைவுப் பிரபு' என்று அப்பெயரையே பட்டமாகச் சூட்டினார்கள். நம் பள்ளிப் பாடங்களில் பிளாசிப் போரின் ஆண்டை நெட்டுருச் செய்தவர்கள் எத்தனை ஆயிரவர்! அது ஒரு பூமரத்தின் பெயர் என்பதை யாரும் நமக்குச் சொல்லவில்லை.

அதே 1762-ஆம் ஆண்டு பிரிட்டனின் முதலமைச்சராக வந்தவர் ஜான் ஸ்டூவர்ட் என்னும் பியூட் பிரபு. அரசியலில் அவர் ஓராண்டளவே நிலைத்தார். செடி கொடிகளின் ஆராய்ச்சியிலோ ஆயுள் முழுதும் ஈடுபாடு கொண்டிருந்தார். அவர் நினைவாகவே பலாசத்தின் தாவரவியல் பெயர் 'பியூட்டியா' என்று அமைந்தது. சோழமண்டலக் கரையின் தாவரங்களைப் படங்களோடு வெளியிட்ட ராக்ஸ்பரோவின் நூலில் இது 'பியூட்டியா பிராண்டோசா' என்று காணப்படும். அப்பெயரை எழுதும்போது, தரங்கம்பாடியில் வாழ்ந்து தென்னாட்டுச் செடிகளை ஆராய்ந்த கோனிக் என்ற அறிஞரின் பெயரையும் சேர்த்து எழுதுவது வழக்கம். 'பிராண்டோசா' என்ற இலத்தீன் சொல்லுக்குப் பொருள் என்ன தெரியுமா? இலை செறிந்தது என்பதே. வேத காலத்தவர் கண்ட இலையையே ஐரோப்பியரும் கண்டனர்!

ஆனால் அப்பெயர் நிலைக்கவில்லை. அதற்கு முன்னரே பிரெஞ்சு அறிஞர் லாமார்க்கு இம்மரத்தை 'எரித்ரைனா மானோசுபெர்மா' என்று குறித்திருந்தார். மானோசுபெர்மா என்றால் ஒற்றை விதையுடையது. இதன் காயில் நுனிப்பக்கம் ஒரே விதை இருக்கும். முற்பட்ட பெயருக்கே உரிமை என்ற தாவரவியலார் முறைப்படி 1894-இல் அது 'பியூட்டியா மானோசுபெர்மா' ஆயிற்று. இங்கே நாம் கவனிக்க வேண்டியது லாமார்க்கு இதனைச் சேர்த்த இனத்தை. எரித்ரைனா என்பது நாம் முள்முருக்கு என்றும் கலியாண முருக்கு என்றும் வழங்கும் மரத்தின் இனம். இரண்டிற்கும் மூன்று சிற்றிலை. இரண்டும் இலையுதிர்த்துச் செம்பூப் பூப்பன. ஒன்றில் முள் உண்டு, மற்றொன்றில் இல்லை. அவ்விரண்டையும் ஓரினமாக எண்ணியவர் லாமார்க்கு மட்டுமல்லர். தமிழர்களும் நெடுங்காலத்திற்கு முன்பே இரண்டையும் 'முருக்கு' என்ற ஒரே பெயரால் அழைத்திருக்கிறார்கள். தமிழ் அகராதிகளில் முருக்கு என்ற சொல்லுக்குப் பலாசம் என்றும் முள்முருக்கு என்றும் இரு பொருளும் காணலாம்.

அப்படியாயின் பழம்பாட்டில் வரும் முருக்கு எது என்று எப்படித் தெளிவது? ஓர் இடத்திலேனும் பாட்டே நமக்கு உதவுகிறது. குறுந்தொகையின் 156-ஆம் பாட்டில், காதலால் வருந்தும் தலைவன் தன்னை இடித்துரைக்கும் பார்ப்பனத் தோழனைப் பார்த்துப் பேசுகிறான். அத்தோழன் கையில் கமண்டலமும் தண்டும் இருக்கின்றன. அத்தண்டு, செம்பூப் பூக்கும் முருக்கின் பட்டையை உரித்துச் செய்தது. பிரிந்தவரைச் சேர்த்துவைக்கும் மருந்து உன் மறையில் உண்டோ என்று தலைவன் கேட்கிறான். மருந்து கிடைத்ததோ இல்லையோ, நமக்கு ஒரு சான்று கிடைத்துவிட்டது. அந்தண மாணவன் ஏந்த வேண்டிய கோல் பலாசக் கோல் என்பது தரும நூல்களின் விதி. ஆகவே இப்பாட்டில் வரும் முருக்கு நம் பலாசமே என்று கொள்வது பொருந்தும். முள்ளுடைய மரத்தைக் கையில் பிடிக்க யார் விரும்புவார்?

'பலாசம்' என்ற சொல்லும் தமிழுக்குப் புதியதன்று. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் மகளிர் பறித்துக் குவித்ததாக அடுக்கும் மலர்ப் பெயர்களுள் பலாசமும் ஒன்று. அண்டை மொழிகளிலும் பல பெயர்கள் உண்டு. கன்னடத்தில் முத்துக, தெலுங்கில் மோதுக. மலையாளத்தில் 'பிலாசு' என்பதோடு 'சமத' என்றும் கூறுவர். வேள்வித் தீயில் இடும் சமித்தின் பெயரே அங்கு மரத்திற்கு ஆகிவிட்டது. இலை, பூ, விறகு என்று அவரவர்க்கு வேண்டியது அவரவர் நாவில்.

தமிழ் நாட்டு மக்களின் பேச்சில் நிலைத்த பெயர் 'புரசு'. சிலர் 'பொரசு' என்பர். பலாசு என்ற சொல்லே நாவில் உருண்டு புரசாகியிருக்க வேண்டும் என்று கொள்ளலாம். சத்தீசுகர் மக்கள் 'பர்சா' என்று வழங்குவதையும் அதன் அருகே வைத்துப் பார்க்கத் தகும். அங்கும் லகரம் ரகரமாகியிருக்கிறது. ஆகவே ராய்ப்பூரில் வாழும் தமிழர் தம் வீட்டு வேலைக்கு வரும் அம்மையார் வாயில் 'பர்சா' என்று கேட்கும்போது, தம் பாட்டியார் சொன்ன சொல்லின் உடன்பிறப்பையே கேட்கிறார்.

ஒரு சொல் எச்சரிக்கையாக: 'காட்டுத் தீ' என்ற கருத்தில் ஆங்கிலத்தில் இதற்கு ஒரு பெயர் வழங்குகிறது, அதே பெயரைச் சாலையோரங்களில் சித்திரை, வைகாசியில் பூக்கும் குல்மோகர் மரத்திற்கும் பலர் சொல்லிவிடுகிறார்கள். குல்மோகர் மடகாசுகரிலிருந்து வந்து குடியேறியது. இலையும் புளியிலை போல நுண்ணியது. புரசு இந்த மண்ணில் பிறந்தது. இரண்டையும் பிள்ளைகள் குழப்பாமலிருக்க, இலையைப் பார்க்கச் சொன்னால் போதும்.

பேருந்துப் பலகையைப் பற்றித் தொடக்கத்தில் சொன்னோம். அது புரசைவாக்கம். புரசு நிறைந்த பாக்கம் என்பது பொருள். பாக்கம் என்றால் குடியிருப்பு. ஆங்கிலேயர் எழுதிய எழுத்தில் அது 'வால்கம்' என்றாகி, அவ்வெழுத்தைப் பார்த்தே படிப்போர் வாயில் ஊரின் பெயரிலிருந்து மரம் மறைந்துவிடுகிறது. துணிக்கடைகளும் நகைக்கடைகளும் நெருங்கிய அவ்வூரின் நடுவே கங்காதரேசுவரர் கோயில் இருக்கிறது. அக்கோயிலின் தலமரம் புரசு. விடுமுறைக்குச் சென்னை செல்வோர் புரசைவாக்கத்தில் பட்டும் பாத்திரமும் வாங்கிய கையோடு கோயிலுக்குள் சென்று அம்மரத்தின் பெயரைப் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். சித்திரை, வைகாசி விடுமுறையில் பூ இருக்காது. புதிதாகத் துளிர்த்த இலை இருக்கும், காம்புக்கு மூன்றாக.